கிரகணம் பிடிக்காத நாள்

"ஒரு தவறு எல்லோருக்கும் நன்மையாக முடிந்துவிட்டால், அதைத் தவறு என்று சொல்லலாமா?" என்று கேட்டான் பெய் ரான்.

ஆசிரியர் நிங் நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுக்கியில் ஒரு பச்சை மூங்கில் பட்டையைப் பிடித்து, தணலுக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சூடு பட்டால் மூங்கில் வியர்க்கும். ஈரம் முழுக்க வெளியேறிய பட்டையில்தான் எழுதலாம். இல்லையென்றால் ஒரே வருடத்தில் புழு தின்றுவிடும். அந்த நகரத்து எழுத்தர்கள் எல்லோரும் நிங் வாட்டிய பட்டையில்தான் எழுதினார்கள்.

"எல்லோருக்கும் என்றால் யார் யாருக்கு?"

"மன்னருக்கு. அமைச்சர்களுக்கு. மக்களுக்கு. ஊரே விழா கொண்டாடுகிறது. மேளச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"நேற்றிலிருந்து அது மட்டும்தான் கேட்கிறது." நிங் இப்போதுதான் தலையைத் தூக்கினார். "புது அங்கி நன்றாக இருக்கிறது."

பெய் ரான் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். கருநீலப் பட்டு. நேற்று மாலை மன்னர் தன் கையாலேயே கொடுத்தது.

அவன் அந்த நாட்டின் நாட்காட்டி அதிகாரி. அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு, கிரகணம் எப்போது என்று கணக்கிட்டுச் சொல்வது அவன் வேலை. கயிறு திரிக்கும் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தவன். இருபத்தெட்டு வயதில்தான் கணக்குப் போடப் பரப்பும் எண் குச்சிகளைக் கையில் எடுத்தான். எடுத்துக் கொடுத்தவர் நிங். அவர் அவனைவிட ஐந்து வயது இளையவர். பெண் என்பதால் அரண்மனையில் அவருக்கு வேலை இல்லை.

"நேற்று நடந்ததைச் சொல்," என்றார் நிங். "ஊர் சொன்னதை அல்ல."

நடந்தது இதுதான்.

ஆறாம் மாதத்து அமாவாசையன்று, நண்பகலில், சூரியனைக் கிரகணம் பிடிக்கும் என்று பெய் ரான் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த நாட்டில் கிரகணம் என்றால் மன்னர் மீது வானத்துக்குக் கோபம் என்று பொருள். மன்னர் மூன்று நாள் பட்டினி கிடந்தார். வெள்ளை உடுத்தினார். அரியணையை விட்டு இறங்கி, முற்றத்து வெயிலில் வெறுங்காலோடு நின்றார். விழுங்கப்படும் சூரியனை மிரட்டி மீட்க நூறு முரசுகள் வரிசையாகக் காத்திருந்தன.

நண்பகல் வந்தது.

நண்பகல் போனது.

சூரியன் மேல் ஒரு நகக்கீறல்கூட விழவில்லை.

பெய் ரான் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அது எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

அப்போது சடங்கு அமைச்சர் தடாலென்று மண்டியிட்டார். "மன்னா! உங்கள் நற்குணத்தைக் கண்டு வானம் இரங்கிவிட்டது! வந்துகொண்டிருந்த கிரகணம் பாதி வழியில் திரும்பிவிட்டது!"

நூறு முரசுகளும் ஒன்றாக முழங்கின. தலை போக வேண்டியவன் தோளில் பட்டு அங்கி ஏறியது.

"சரி," என்றார் நிங். "கிரகணம் திரும்பிப் போனதா?"

"இல்லை."

"பிறகு?"

"இன்று காலை என் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். ஏழாவது கட்டத்தில் சிவப்புக் குச்சி வைக்க வேண்டும். கருப்புக் குச்சி வைத்திருக்கிறேன்."

சிவப்பு என்றால் கூட்டு. கருப்பு என்றால் கழி. முதல் நாள் பாடம் அது.

"அதாவது, நேற்று கிரகணமே கிடையாது."

"கிடையாது."

"இதை உனக்கு முன்னால் யாராவது சொன்னார்களா?"

பெய் ரான் தணலைப் பார்த்தான். மூங்கில் 'சுர்ர்' என்றது.

"மூ ஷென் சொன்னார்," என்றான்.

மூ ஷென் நாட்காட்டி அலுவலகத்தின் துணைக் கணக்கர். அறுபது தாண்டியவர். 'இந்த அமாவாசையில் கிரகணம் இல்லை' என்று பத்து நாளைக்கு முன்பே தனியாக எழுதிக் கொடுத்தவர். அமாவாசைக்கு முதல் நாள்வரை அது வெறும் மாறுபட்ட கருத்து. மறுநாள் அது ராஜதுரோகம். வராத கிரகணத்தை மன்னர் எப்படித் திருப்பி அனுப்பியிருக்க முடியும்? அப்படியானால் மன்னருக்கு நற்குணம் இல்லை என்கிறாரா இந்தக் கிழவர்?

கழுத்தில் கனத்த மரப்பலகையைப் பூட்டி அவரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். பௌர்ணமியன்று தண்டனை. நெற்றியில் 'பொய்யன்' என்று ஊசியால் குத்தி மையை ஏற்றுவார்கள். பிறகு வடக்கு எல்லைக்குக் கல் சுமக்க அனுப்புவார்கள். அங்கே போன கிழவர்கள் யாரும் திரும்பியதில்லை.

"பௌர்ணமிக்கு எத்தனை நாள்?"

"பதினான்கு."

"சரியாக எண்ணினாயா?"

அவன் விரல்விட்டு மறுபடி எண்ணினான்.

நிங் இடுக்கியைக் கீழே வைத்தார். தூரிகையை எடுத்து மையில் தோய்த்தார். "கிட்டே வா," என்றார்.

அவன் தலையைக் குனிந்தான். அவர் அவன் நெற்றியில் எழுதினார். நிதானமாக, ஒரு நல்ல பட்டையில் எழுதுவதுபோல.

என்ன எழுதினார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுக்குப் போ," என்றார். "கழுவ வேண்டும் என்று தோன்றும்போது கழுவிக்கொள்."

கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். பெய் ரான் பட்டு அங்கியின் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு நடந்தான்.

"என்ன அதிகாரி, தலைவலியா?" என்று வாத்து விற்பவள் கேட்டாள்.

"ஆமாம்."

"இருக்காதா பின்னே! வானத்தோடு பேசுகிற தலை!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். அதனாலேயே அவன் வேகமாக நடந்தான்.

வீட்டில் தொட்டித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி நெற்றியில் தேய்த்தான். இரண்டாவது கை தண்ணீரிலேயே எல்லாம் போய்விட்டது. நெற்றி சுத்தமாக இருந்தது.

இவ்வளவு சுலபமாகப் போய்விட்டதே என்றுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல அன்று அவன் எங்கும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஆறு நாள் அலுவலகத்துக்குப் போனான், வந்தான். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் பதில் வணக்கம் சொன்னான்.

ஏழாம் நாள் காலை சிறைக்குப் போனான்.

மூ ஷென் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பலகை அகலமாக இருந்ததால் அவர் கை அவர் வாய்க்கு எட்டவில்லை. பக்கத்தில் கஞ்சி ஆறிக்கிடந்தது. பெய் ரான் கிண்ணத்தை எடுத்து அவருக்கு ஊட்டினான்.

நான்கு வாய் சாப்பிட்ட பிறகு மூ ஷென் கேட்டார்: "எந்தக் கட்டம்?"

"என்ன?"

"எந்தக் கட்டத்தில் தப்பு விட்டாய் என்று கேட்கிறேன், தம்பி. ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை எனக்கு. இந்தப் பலகையால் என்று நினைக்காதே."

"ஏழாவது கட்டம். சிவப்புக்குப் பதில் கருப்பு."

மூ ஷென்னின் முகம் விரிந்தது. "ஏழாவதா! நான் ஏழு அல்லது ஒன்பது என்று நினைத்தேன். ஒன்பது என்றால் வித்தியாசம் இன்னும் பெரிதாக வரும் இல்லையா? அதனால் ஏழுதான் என்று அந்தக் காவலாளியிடம்கூடச் சொன்னேன். அவன் என்னைப் பைத்தியம் என்றான்." அவர் சிரித்தார். பலகையும் சேர்ந்து குலுங்கியது. "ஏழு! அப்பாடா."

பெய் ரான் அழுதுவிட்டான்.

"அட, கஞ்சியில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. நிறுத்து," என்றார் மூ ஷென். "உன் வாயால் கேட்டுவிட்டேன். எனக்கு அது போதும். நீ போய் உன் பிள்ளைகளைப் பார். எனக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. வடக்கே வானம் இங்கே இருப்பதைவிடத் தெளிவாக இருக்குமாம்."

சிறையை விட்டு வெளியே வந்தபோது பெய் ரானின் தோளிலிருந்து பாரம் இறங்கியதுபோல இருந்தது. நேரே நிங்கின் வீட்டுக்குப் போனான்.

"சொல்லிவிட்டேன்," என்றான்.

"யாரிடம்?"

"மூ ஷென்னிடம். அவர் என்னை மன்னித்துவிட்டார்."

நிங் ஒரு மூங்கிலை நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"அவருக்குத்தான் முன்பே தெரியுமே," என்றார்.

தோளில் பாரம் திரும்ப ஏறியது.

அவன் பிளந்த மூங்கில்களுக்கு அருகில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "என் அப்பா இன்னும் கயிறுதான் திரிக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் கிராமத்து நுழைவாயிலில் என் பெயரைச் செதுக்கி வைத்தார்கள். அந்த ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இது உங்களுக்குப் புரியாது, ஆசிரியரே. நான் விழுந்தால் நான் மட்டும் விழமாட்டேன்."

"புரியவில்லைதான்," என்றார் நிங். "என் அப்பாவுக்கு மூன்று வீடு இருந்தது."

அவர் கத்தியைத் துடைத்தார். புதிதாக வாட்டிய பட்டைகளை ஒரு கட்டாக எடுத்து அவன் கையில் வைத்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த அதிகாரியும் தன் மேலேயே குற்றச்சாட்டு எழுதி, அரசவையில் தானே நின்று வாசிக்கலாம். அவன் வாசித்து முடிக்கும்வரை மன்னர்கூடக் குறுக்கே பேசக் கூடாது. மிகப் பழைய உரிமை. அறுபது வருடமாக யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெய் ரான் ஒன்பது பட்டை நிறைய எழுதிக்கொண்டு வந்தான்.

நிங் முதல் பட்டையை வாசித்தார். "கணக்கிட்ட வாரம் உனக்குக் காய்ச்சலா?"

"ஆமாம். கடுமையான காய்ச்சல்."

"இது காய்ச்சலின் மேல் குற்றச்சாட்டு." பட்டை தணலுக்குள் போனது.

"இது?"

"அலுவலக ஜன்னல் வடக்குப் பார்த்தது. வெளிச்சம் போதாது. சிவப்பும் கருப்பும் ஒன்றுபோலத் தெரியும். பொய் இல்லை, நீங்களே வந்து பார்க்கலாம்."

"இது ஜன்னலின் மேல்." அதுவும் போனது.

மூன்றாவது அமைச்சர்கள் அவசரப்படுத்தியது பற்றி. நான்காவது மறுபடி காய்ச்சல். ஐந்தாவது பட்டையை நிங் சத்தமாக வாசித்தார்: "'நான் புழு. நான் தூசி. ஆயிரம் முறை சாகத் தகுந்தவன்.' உனக்கு எத்தனை உயிர், பெய் ரான்?"

"ஒன்று."

"அந்த ஒன்றுக்கு மட்டும் எழுது."

ஆறும் ஏழும் வாசிக்கப்படாமலே எரிந்தன. எட்டாவது பட்டையில் நிங்கின் பார்வை நின்றது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

'குச்சிகளை இரண்டு தடவை பரப்பிப் பார்க்க வேண்டும் என்று என் ஆசிரியர் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.'

பெய் ரானின் காது சிவந்தது. "அதை எழுதியிருக்கக் கூடாது. எரித்துவிடுங்கள்."

"நான் கற்றுக் கொடுத்தேனா?"

"...இல்லை."

"நீ வேகமாகக் கணக்குப் போடுவாய். அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது எனக்கு. சொல்லவில்லை." அவர் அந்தப் பட்டையை மட்டும் தணலில் போடவில்லை. தன் அங்கிக்குள் செருகிக்கொண்டார். "இது என்னுடையது. என் முறை வரும்போது நான் வாசித்துக்கொள்வேன். மிச்சம் என்ன இருக்கிறது?"

ஒரே ஒரு பட்டை இருந்தது.

'ஆறாம் மாதத்துக் கணக்கின் ஏழாவது கட்டத்தில் சிவப்புக் குச்சி வைக்க வேண்டிய இடத்தில் நான் கருப்புக் குச்சி வைத்தேன். அன்று கிரகணம் கிடையாது. மூ ஷென்னின் கணக்கு சரி.'

நிங் அதைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு தவறு விட்டுப்போயிருக்கிறது."

பெய் ரான் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "வேறு கட்டத்திலுமா? இல்லையே! நான் மூன்று தடவை சரிபார்த்தேனே!"

"கணக்கில் இல்லை. தவறு என்று உனக்கு எப்போது தெரியும்?"

"அமாவாசைக்கு மறுநாள் காலை."

"இன்று என்ன தேதி?"

அவன் பட்டையைத் தரையில் வைத்தான். தூரிகையை எடுத்தான்.

முதல் மூன்று வரிகளை அவன் ஒரே மூச்சில் எழுதியிருந்தான். நான்காவது வரிக்கு மையை மூன்று முறை தோய்த்தான். நிங் தூரிகையை வாங்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவன் எழுதி முடிக்கும்வரை மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

"மன்னர் என்ன செய்வார்?" என்று கேட்டான்.

"அது அவர் கணக்கு."

பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால் அரசவை கூடியது. பெய் ரான் பழைய பருத்தி அங்கியை உடுத்திக்கொண்டு போனான். பட்டு அங்கியை மடித்துக் கையில் எடுத்துப் போய், அரியணைப் படியில் வைத்தான்.

"நாட்காட்டி அதிகாரி பெய் ரான். என் மேல் நானே ஒரு குற்றச்சாட்டு வாசிக்கிறேன்."

சபை சலசலத்தது. அப்படி ஒரு வழக்கம் இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. சாட்சியாக மூ ஷென்னையும் அழைத்துவர வேண்டும் என்று பெய் ரான் கேட்டான். வழக்கப்படி அதையும் மறுக்க முடியாது. பலகை பூட்டிய கழுத்தோடு கிழவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பெய் ரான் வாசித்தான். மொத்தம் நான்கு வரி. மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

"கிரகணம் கிடையாது. மூ ஷென்னின் கணக்கு சரி. இது தெரிந்த பிறகும் பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை."

மன்னரின் முகம் வெளுத்திருந்தது.

"அப்படியானால்," என்றார் மன்னர் மெதுவாக, "நான் மூன்று நாள் பட்டினி கிடந்தேனே, அது?"

"பட்டினிதான் கிடந்தீர்கள், மன்னா."

பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு வந்து, பாதியில் இருமலாக மாறியது. மன்னரின் விரல்கள் அரியணையின் கைப்பிடியை இறுக்கின. காவலர்கள் பெய் ரானுக்குப் பின்னால் ஓர் அடி நெருங்கினார்கள்.

சடங்கு அமைச்சர் முன்னால் வந்தார். அவர் நாற்பது வருடம் அரண்மனையில் உயிரோடு இருந்தவர்.

"மன்னா, இதில் குழப்பமே இல்லை," என்றார் புன்னகையோடு. "பத்து வருடம் தப்பே விடாத கை இது. ஏன் அன்று மட்டும் தவறியது? வானம்தான் அந்தக் கையைப் பிடித்து நகர்த்தியது! மன்னரின் மனதைச் சோதிக்க வானத்துக்கு ஒரு பொய்க் கிரகணம் வேண்டியிருந்தது. மன்னர் நோன்பு இருந்தார். சோதனையில் வென்றார். மூ ஷென் சொன்னதும் சரி. பெய் ரான் சொன்னதும் சரி. மன்னரின் நற்குணமும் சரி."

சபை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. மன்னரின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"மூ ஷென்னை அவிழ்த்துவிடுங்கள்," என்றார். "அவர் மேல் குற்றம் இல்லை."

அரசவைப் பதிவாளர் அதை உடனே பட்டையில் எழுதினார். அவர் எழுதியதை மன்னரும் மாற்ற முடியாது. காவலன் ஆணியைத் தட்டிக் கழற்றினான். கனத்த பலகை தரையில் விழுந்தது.

மன்னர் பெய் ரானைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. கிட்டத்தட்ட ஒரு வேண்டுகோள் இருந்தது.

"சொல், பெய் ரான். அப்படித்தானே? அன்று உன் கையை வானம்தானே நகர்த்தியது? ஆம் என்று ஒரு வார்த்தை சொல். அங்கியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பு."

மூ ஷென் சிவந்து கன்றிய கழுத்தைத் தடவிக்கொண்டே அவனைப் பார்த்து வேகவேகமாகத் தலையை ஆட்டினார். சொல்லித் தொலையடா, என்றன அவர் கண்கள்.

ஒரு வார்த்தை. யாருக்கும் கெடுதல் இல்லாத வார்த்தை. பதிவாளர் தூரிகையைத் தோய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பெய் ரான் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். நகக்கண்ணில் கொஞ்சம் மை காய்ந்திருந்தது. முன்பு எப்போதும் அதை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

"இல்லை, மன்னா," என்றான். "அது என் கை."